டீசல் முள்ளு பாதிக்கு வந்துட்டா செட்டுக்குள்ள திருப்புங்க: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதத்துல முக்காவாசி டீசல் கதைதான். பழைய டீசல் கார் எடுத்தவங்க, வான் ஓட்டுறவங்க, மரக்கறி ஏத்துறவங்கனு ஆளாளுக்கு எழுதியிருக்கீங்க. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கேன், உங்க ஊர் பேரு இல்லனு கோவிச்சுக்காதீங்க.

அண்ணே, நான் தோட்டப் பாடசாலையில படிப்பிக்கிறேன். வீட்டுல பழைய டொயோட்டா டீசல் கார் ஒண்ணு எடுத்தோம். இதுக்கு முன்னாடி பெற்றோல் ஸ்கூட்டர் மட்டுந்தான். நுவரெலியா போயிட்டு வரும்போது ரோட்டுல டீசல் குறையுதுங்கிற லைட் பத்திருச்சு, பிள்ளைங்களும் வண்டிக்குள்ள, கை காலெல்லாம் உதறிருச்சு. டீசல் எங்க, எப்ப அடிக்கிறதுனு ஒரு கணக்கு சொல்லுங்க.
- டீச்சர் ஒருவர், நோர்வூட்

டீச்சர், நம்ம பக்கம் டீசல் கிடைக்காத செட்டை, அதான் எண்ணெய் அடிக்கிற இடத்தை, தேடித்தான் பிடிக்கணும். பஸ், கொழுந்து லொறி, தோட்டத்து டிரக்டர் எல்லாம் அதுலதானே ஓடுது, அதனால நல்ல நாள்ல டீசலுக்குப் பஞ்சமில்ல. தொல்லை என்னன்னா செட் எல்லாம் டவுன்ல இருக்கு, நாம குடியிருக்கிறது டவுன்ல இருந்து மைல் கணக்கா உள்ளுக்கு. ஹட்டன்ல இருந்து நுவரெலியா போற ஏ7 ரோட்டுல கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயானு டவுன் மாத்தி டவுன் வந்துக்கிட்டே இருக்கும், அதுல பயப்பட ஒண்ணுமில்ல. மெயின் ரோட்டை விட்டு இறங்கினாத்தான் வேற கதை. பொகவந்தலாவையில இருந்து பலாங்கொடைக்கு இறங்குறது, அக்கரப்பத்தனை தாண்டி டயகம பக்கம் போறது, மஸ்கெலியாவுல இருந்து நல்லத்தண்ணி போறது, ஹோர்ட்டன் சமவெளி ஏறுறது, இதுக்கெல்லாம் கிளம்புற டவுன்லயே அடிச்சிட்டுப் போயிரணும், போற வழியில பாத்துக்கலாம்னு நினைச்சீங்கனா தேயிலைதான் பாக்கலாம். சிவனொளிபாதமலை சீசன் நேரம் டிசம்பர்ல இருந்து மே வரைக்கும், அப்புறம் ஏப்ரல்ல நுவரெலியா சீசன், இந்த ரெண்டு காலத்துலயும் லீவு நாள்ல செட்டுல வெளியூர் வண்டி வரிசை கட்டி நிக்கும், அதனால ஊர்க்காரங்க வார நாள்ல காலையிலயே அடிச்சு வச்சிக்கிறது புத்தி.

இப்ப லைட் கதைக்கு வருவோம். டேங்குக்குள்ள ஒரு மிதவை இருக்கு, அதுதான் முள்ளை ஆட்டுது. சமமான ரோட்டுல அது உண்மையைச் சொல்லும், ஆனா மேட்டுல ஏறும்போது டீசல் எல்லாம் டேங்கோட பின்பக்கம் ஓடிரும், இறங்கும்போது முன்பக்கம் ஓடிரும், மிதவை எந்தப் பக்கம் மாட்டியிருக்கோ அதைப் பொறுத்து கூடவும் காட்டும் குறையவும் காட்டும். டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கம் வளைஞ்சு வளைஞ்சு வரும்போது கால் டேங்க்னு நிக்கிற முள்ளு, தலவாக்கலை டவுன்ல சமமா நிப்பாட்டினதும் மெதுவா இறங்கி சிவப்புக்குள்ள போய் உட்காரும். எதிர்ப்பக்கமாவும் நடக்கும், லைட் பத்திப் பயந்து போயிருப்பீங்க, சமமான இடம் வந்ததும் லைட் அணைஞ்சிரும். அதனால முள்ளைப் பாக்கிறதா இருந்தா சமமான இடத்துல நிப்பாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்க.

இன்னொரு விசயமும் இருக்கு, அதுதான் பெரிசு. டேங்க்ல டீசல் அடிமட்டத்துக்குப் போயிருக்கும்போது செங்குத்தான ஏத்தம் வந்தா, டீசல் ஒரு மூலைக்கு ஓடி, உறிஞ்சுற குழாய் வாய் வெறுமனே காத்தை இழுத்துரும். ஸ்கூட்டருக்கு இது ஒரு விசயமே இல்ல, பெற்றோலை ஊத்தி ஸ்டார்ட் பண்ணிப் போயிரலாம். டீசல் லைனுக்குள்ள காத்து பூந்தா டீசல் ஊத்தினாலும் லேசுல ஸ்டார்ட் ஆகாது (அதைக் கீழ இராகலை தம்பிக்கு சொல்லியிருக்கேன்). அதனாலதான் நான் சொல்றது, முள்ளு பாதிக்கு வந்துட்டா அடுத்த டவுன்ல செட்டுக்குள்ள திருப்பிருங்க. கொழும்புல கால் டேங்க்ல ஊர் சுத்தலாம், இங்க அது சரிவராது.

கணக்குக்கு ஒரு வழி: ஒரு தடவை ஃபுல் டேங்க் அடிச்சிட்டு கிலோமீட்டர் மீட்டரைக் குறிச்சு வைங்க, அடுத்த தடவை ஃபுல் அடிக்கும்போது எத்தனை லீட்டர் போச்சுனு பாத்து வகுத்துக்கங்க. வித்தவர் சொன்ன கணக்கை நம்பாதீங்க, அவர் சொன்னது சம ரோட்டுக் கணக்கு. முழுக்க முழுக்க ஏத்தமும் பெண்டும் செகண்ட் கியரும்னா அது எப்பவும் குறைவாத்தான் வரும். நுவரெலியா டவுன் 1,868 மீற்றர் உயரத்துல இருக்கு, அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு குறைவு, டேர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினுக்கு அது நல்லாவே தெரியும், மிதிச்சா இழுக்காது, கறுப்புப் புகை தள்ளும். புகை தள்ளுதுன்னா டீசல் எரியாம வெளிய போகுதுனு அர்த்தம், அந்த நேரம் இன்னும் மிதிக்காம ஒரு கியர் குறைச்சுப் போடுங்க.

கொட்டகலையிலயும் அப்புத்தளையிலயும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்து டிப்போ இருக்கே, அப்ப நம்ம பக்கம் எப்பவும் டீசல் இருக்குந்தானேனு இன்னொருத்தர் கேட்டிருந்தார். டிப்போவுல இருந்து எண்ணெய் பவுசர் போறது காசு கட்டி ஓடர் போட்ட செட்டுக்குத்தான். டிப்போ வாசல்ல குடியிருந்தாலும் முதலாளி ஓடர் போடலைன்னா பம்ப்ல வராது.

ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் செட்டுல "டீசல் இல்ல"ங்கிறாங்க, அடுத்த நாள் காலையில இருக்கு. இது என்ன மாயம் ஐயா?
- ஆட்டோ சாரதி, பண்டாரவளை

மாயமெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. விலையை மாசத்துக்கு ஒரு தடவை மாத்துறாங்க, அறிவிப்பு வழக்கமா மாசக் கடைசி ராத்திரிதான் வரும். குறையப் போகுதுனு பேச்சு அடிபட்டா, கூடின விலைக்கு எடுத்த டீசலைக் குறைஞ்ச விலைக்கு விக்க எந்த முதலாளிக்கு மனசு வரும், ஓடரைத் தள்ளிப் போட்டுருவார். கூடப் போகுதுன்னா நாமளே போய் வரிசையில நிப்போம். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான், 25, 26ஆம் திகதிக்குள்ள அடிச்சு வச்சிருங்க. விலை மாத்தத்தோட சேராம வர்ற வரிசையும் உண்டு, 2025 மார்ச் தொடக்கத்துல விநியோகஸ்தர்களோட கமிஷன் பிரச்சினையில ஓடர் போட மாட்டோம்னு சொன்னதும் நாடு பூரா வரிசை நின்னுச்சே. ரெண்டு மூணு ரூபா லாபத்துக்காக வரிசையில எஞ்சினை ஓடவிட்டு நிக்கிறவங்களைப் பாத்தா எனக்கு சிரிப்புத்தான் வரும், நிக்கிற நேரத்துலயே அந்த லாபம் புகையாப் போயிருது.

எங்க வண்டி புது மாடல் டீசல் ஜீப். சுப்பர் டீசல்தான் அடிக்கணும்னு கொம்பனியில சொன்னாங்க. ஆனா எங்க பக்கம் எல்லா செட்டுலயும் அது இல்ல. ஒட்டோ டீசல் அடிச்சா எஞ்சின் போயிருமா?
- வாசகி, வெலிமடை

ஒரு டேங்க் அடிச்சதுக்கு எஞ்சின் போகாது, பயப்படாதீங்க. அதையே வழக்கமா வச்சுக்கிட்டாத்தான் பிரச்சினை. சுப்பர் டீசல்ங்கிறது யூரோ 4 தரம், யூரோ 4ன்னா கந்தகம் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. ஒட்டோ டீசல்ல கந்தகம் அதைவிடக் கூட. பழைய வான், லொறிக்கு அது பெரிசா உறைக்காது. உங்க ஜீப் மாதிரி கொமன் ரெயில் எஞ்சின் (ஒரே குழாய்ல ரொம்ப அழுத்தத்துல டீசல் வர்ற புது மாடல்), சைலன்சர் பக்கம் புகையை வடிகட்டுற ஃபில்டர் உள்ள வண்டினா அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைபடும், அது மாத்துற செலவைக் கேட்டா தலை சுத்தும். அதனால நீங்க அடிக்கடி போற ரோட்டுல சுப்பர் டீசல் எந்தெந்த செட்டுல இருக்குனு கேட்டு மனசுல பதிச்சு வச்சுக்கங்க. ரோட்டுல மாட்டிக்கிட்டா ஒட்டோ டீசல்ல கொஞ்சமா, வீடு வந்து சேர்ற அளவுக்கு மட்டும் அடிச்சிட்டு, அடுத்த தடவை சுப்பரை நிறைச்சு அடிங்க, கலந்துரும். மத்தப்படி பழைய டொல்பின் வானுக்கு சுப்பர் டீசல் அடிச்சா பறக்கும்னு சிலர் சொல்றது மனசு சந்தோசத்துக்கு. புகை கொஞ்சம் குறையலாம், இழுவையில பெரிசா ஒண்ணும் தெரியாது.

செட்டுல கவனமில்லாம டீசல் வானுக்கு பெற்றோல் அடிச்சிட்டாங்க. ஒரு ஐஞ்சு லீட்டர்தான் போச்சு. மேல டீசலை நிறைச்சிட்டு ஓட்டுனா சரியாயிரும்னு பக்கத்துல நின்னவங்க சொன்னாங்க. ஓட்டினேன், இப்ப சத்தம் வருது.
- வான் சாரதி, தலவாக்கலை

பக்கத்துல நின்னவங்க வண்டி இல்லையே தம்பி அது. டீசல் பம்புக்கு வேற எண்ணெய் கிடையாது, ஓடுற டீசல்தான் அதுக்கு எண்ணெய். பெற்றோல் அந்த வழுவழுப்பைக் கழுவி எடுத்துரும், உள்ள இரும்போட இரும்பு உரசும், பொடிப்பொடியா இரும்புத் தூள் கிளம்பி, எஞ்சினுக்குள்ள டீசலைத் தெளிக்கிற நொசிலுக்குள்ள போகும். பழைய எஞ்சின்னா சில நேரம் டக் டக்னு சத்தம் போட்டுட்டுத் தப்பிச்சிரும், கொமன் ரெயில்னா பம்ப், நொசில் எல்லாம் சேர்த்து மாத்த வேண்டி வரும். உடனே ஓட்டுறதை நிறுத்திட்டு, கராஜுக்குக் கட்டி இழுத்துக்கிட்டுப் போய் டேங்கை முழுசாக் கழுவச் சொல்லுங்க, டீசல் ஃபில்டரையும் புதுசு போடுங்க, பழைய ஃபில்டரை வெட்டிப் பாத்தா வெள்ளி மினுக்கம் மாதிரி தூள் இருக்கானு கராஜ் பாஸ் (மெக்கானிக்) பாத்துச் சொல்வார். அது இருந்தாத்தான் பம்பைக் கழட்டுற கதை.

மத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லி வைக்கிறேன். தப்பா அடிச்சது தெரிஞ்சா சாவியைத் தொடவே வேணாம். சும்மா ஓன் பண்ணினாலே சில வண்டியில டேங்குக்குள்ள இருக்கிற மோட்டர் ஓடி பெற்றோலை லைனுக்கு ஏத்திரும். நியூட்ரல் போட்டு நாலு பேரைச் சேர்த்துத் தள்ளி ஓரங்கட்டுங்க, வரிசையில ஹோர்ன் அடிக்கிறவன் அடிச்சுக்கிட்டுத்தான் இருப்பான். அடிக்கிறதுக்கு முன்னாடி இறங்கிப் போய் "டீசல்"னு சத்தமாச் சொல்லி, எந்த பம்பைக் கையில எடுக்கிறாங்க, மீட்டர் ஸீரோவுல இருக்கானு ரெண்டையும் பாத்துருங்க. பெற்றோல் பம்போட மூக்கு மெலிசு, டீசல் டேங்க் வாய்க்குள்ள தாராளமாப் போயிரும், அதனால பம்ப் அடிக்கிற தம்பிக்கும் தெரியாமலே நடந்துரும்.

மரக்கறி ஏத்திக்கிட்டு வரும்போது டீசல் தீந்து நின்னுருச்சு. கேன்ல வாங்கிட்டு வந்து ஊத்தியும் ஸ்டார்ட் ஆகல, பெட்டரியும் இறங்கிருச்சு. என்ன செஞ்சிருக்கணும்?
- கெப் சாரதி, இராகலை

காத்து எடுத்திருக்கணும் தம்பி. ஊத்தின டீசல் டேங்க்ல இருக்கு, எஞ்சின் வரைக்கும் போற குழாய்ல இருக்கிறது காத்து. பம்ப் காத்தை அமுக்கும், நொசிலைத் திறக்கிற அளவுக்குப் பிரஷர் வராது, நீங்க சாவியைத் திருப்பித் திருப்பி பெட்டரியைக் கொன்னதுதான் மிச்சம்.

பழைய ஜப்பான் டீசல் எஞ்சின்ல பொனெட்டைத் திறந்தா டீசல் ஃபில்டர் மேல குமிழ் மாதிரி ஒரு கைப்பம்ப் இருக்கும். முதல்ல ஒரு ஐஞ்சு லீட்டராவது டேங்க்ல ஊத்துங்க, ஏத்தத்துல நிக்கிறதா இருந்தா இன்னும் கூட. அப்புறம் அந்தக் குமிழை அமுக்கிக்கிட்டே இருங்க. ஆரம்பத்துல பொசுக் பொசுக்னு லேசா இறங்கும், உள்ள காத்துங்கிறதுக்கு அதுதான் அடையாளம். விடாம அமுக்கினா கொஞ்சம் கொஞ்சமா இறுகி, கடைசியில கட்டை விரல் நோகுற அளவுக்கு கெட்டியாகும், டீசல் வந்துருச்சு. இப்ப ஹீட்டர் லைட் அணையிற வரைக்கும் பொறுத்து, பத்து செக்கனுக்கு மேல போகாம ஸ்டார்ட் அடிங்க, வரலைன்னா கொஞ்சம் ஆற விட்டு மறுபடி அடிங்க. அதுக்கும் வரலைன்னா நொசிலுக்குப் போற இரும்புக் குழாய் நட்டை ஒவ்வொண்ணா அரைச் சுத்து லூஸ் பண்ணி, ஒருத்தரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லி, நுரை போய் தெளிவா டீசல் துப்பினதும் இறுக்கணும். இது பழைய எஞ்சினுக்கு மட்டும். கொமன் ரெயில்ல அந்த நட்டைத் தொடவே கூடாது, அந்தக் குழாய்ல பிரஷர் 1,000 பாரைத் தாண்டும், கையில பட்டா தோலைக் கிழிச்சுக்கிட்டு உள்ள போயிரும். அந்த மாதிரி வண்டினா பாஸுக்கு கோல் எடுங்க.

டீசல் தீர்ற அளவுக்கு ஓடினதுல டேங்க் அடியில கிடந்த கசடும் தண்ணியும் மேல ஏறியிருக்கும், ஃபில்டரையும் ஒரு தடவை பாத்துருங்க. நம்ம குளிர்ல பாதி காலியான டேங்குக்குள்ள ராத்திரி ஈரம் படிஞ்சு சொட்டா இறங்கும். ஃபில்டர் அடியில சின்ன ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், அதைத் திறந்து கண்ணாடிப் போத்தல்ல பிடிச்சா தண்ணி அடியிலயும் டீசல் மேலயும் பிரிஞ்சு நிக்கும். மழைக் காலத்துல அடிக்கடி பாருங்க.

டீசலுக்கு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுனா காசு மிச்சம்னு எங்க பக்கம் எல்லாரும் கலக்குறாங்க. நானும் கலக்கலாமா?
- பெயர் போட வேணாம்னு எழுதினவர், மஸ்கெலியா

பெயர் போட வேணாம்னு சொல்லும்போதே பதில் உங்களுக்குத் தெரியும். பெற்றோலுக்கு மேல சொன்ன அதே கதைதான், மண்ணெண்ணெய்லயும் வழுவழுப்பு குறைவு, உடனே கொல்லாம மெதுவாக் கொல்லும். ஒரு பம்ப் செய்யிற காசுக்கு எத்தனை லீட்டர் மிச்சம் பிடிக்கணும்னு கணக்குப் பாருங்க. 2022 ஆகஸ்ட்ல டீசல் 430 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபானு நின்னப்ப யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும், ஆகஸ்ட் 22ஆம் திகதி மண்ணெண்ணெயை ஒரே அடியா 340 ஆக்கினாங்க, அடி வாங்கினது கலந்து ஓட்டினவன் இல்ல, தோட்டத்து லயத்து வீட்டுல விளக்கு ஏத்தினவங்களும் அடுப்பு பத்த வச்சவங்களுந்தான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகல.

2022ல கிடந்து பட்ட பாடு, அப்புறம் 2025ல டித்வா புயல். வீட்டுல ரெண்டு கேன் டீசல் வச்சிருந்தா நல்லதுதானே?
- ஓய்வுபெற்ற சாரதி, பதுளை

ஐயா, உங்க பயம் நியாயமானது. 2022 ஜூன் கடைசியில டீசல் 460 ரூபாவுக்கு ஏறி, அதுக்கப்புறம் அத்தியாவசிய சேவைக்கு மட்டுந்தான்னு சொன்னாங்க, ஜூலையில கியூஆர் கோட் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர்னு எண்ணி எண்ணி ஊத்தினாங்க, அதை நிப்பாட்ட 2023 செப்டம்பர் ஆச்சு. 2025 நவம்பர் கடைசியில புயல் வந்தப்ப பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கமெல்லாம் மண் சரிஞ்சு ரோடு அறுந்து பவுசர் வர வழியில்ல. கரண்ட் போனா செட்டோட பம்ப்பும் நின்னுரும், ஜெனரேட்டர் உள்ள செட்டுலதான் ஊத்துவாங்க.

ஆனா கேனை விட டேங்க் நல்ல இடம். மழை எச்சரிக்கை வந்த அன்னைக்கே ஃபுல் டேங்க் அடிச்சு, மேடு சரியாத பக்கமா வண்டியை நிப்பாட்டி வைங்க. கட்டாயம் கேன் வைக்கணும்னா டீசலுக்குனே வர்ற தடிச்ச கேன்ல, வீட்டுக்கு வெளிய, வெயில் படாத இடத்துல வைங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதை வண்டியில ஊத்திட்டுப் புதுசா நிறைங்க. டீசல் பெற்றோல் மாதிரி டக்னு பத்தாதுங்கிறது உண்மை, அதுக்காக லயத்துக் குசினியில விறகடுப்புக்குப் பக்கத்துல வைக்கிறது என்ன துணிச்சல்? சோடாப் போத்தல்ல ஊத்தி வைக்கவே வேணாம், பிள்ளைங்க இருக்கிற வீடு.

இறம்பொடையில இருந்து கம்பளைக்கு இறங்கும்போது நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சமாகுமா?
- வாசகர், புசல்லாவை

ஆகாது, உயிருதான் போகும். கியர்ல விட்டுக் காலை எடுத்தீங்கனா பம்ப் டீசலை நிப்பாட்டிரும், சக்கரம் எஞ்சினைச் சுத்தும். நியூட்ரல்ல விட்டா எஞ்சின் ஐட்லிங்ல நிக்க டீசல் குடிச்சுக்கிட்டே இருக்கும். அதோட முழு பாரமும் பிரேக்குல, லைனர் சூடேறிப் பிரேக் பிடிக்காமப் போயிரும். ஏறின கியர்லயே இறங்குங்க.

நுவரெலியாவுல விடியக்காலம் வண்டி ஸ்டார்ட் ஆகுறதில்ல. டீசல் உறைஞ்சு போகுதா?
- மரக்கறி வியாபாரி, கந்தப்பளை

டீசலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஹீட்டர் பிளக்கை செக் பண்ணுங்க. நாலுல ரெண்டு செத்திருந்தாலே பனி நாள்ல அப்படித்தான் இழுத்தடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும். அப்புறம் பெட்டரி. ரெண்டும் சரினா லைன்ல எங்கயோ காத்து இழுக்குது, ராத்திரியோட ராத்திரியா டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிருது, ரப்பர் ஹோஸ், கிளிப் எல்லாத்தையும் தடவிப் பாருங்க.

அளவுல ஏமாத்துறாங்கனு சந்தேகம். 40 லீட்டர் டேங்குக்கு 43 லீட்டர் போட்டதா பில் தந்தாங்க.
- வாசகர், கினிகத்தேனை

அது ஒண்ணை மட்டும் வச்சு கள்ளம்னு சொல்ல ஏலாது. புத்தகத்துல போட்டிருக்கிறது டேங்க்கோட கணக்கு மட்டும், அதுக்கு மேல கழுத்துக் குழாய்லயும் ரெண்டு மூணு லீட்டர் பிடிக்கும், வாய் வரைக்கும் அடிச்சிருப்பாங்க. சந்தேகம் தீரலைன்னா அளவு பாக்கிற கலனை எடுத்து உங்க முன்னாடியே ஊத்திக் காட்டச் சொல்லுங்க. மாட்டோம்னா நுகர்வோர் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சுச் சொல்லலாம், அதுக்கு செட்டோட பேரு, பம்ப் நம்பர், திகதி, நேரம் எல்லாம் கேப்பாங்க, பில்லைத் தூக்கிப் போட்டுராதீங்க.